அட்டையில் இருப்பது கதையில் இல்லை: 'தி செவன் இயர் இட்ச்' பார்த்த பிறகு

அந்தப் படம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை கவுன், கீழேயிருந்து அடிக்கிற காற்று, இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மர்லின் மன்றோ. சலூன் சுவரில், காபி கடையில், டீ-ஷர்ட்டில் என்று எங்கெல்லாமோ பார்த்திருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான். பத்து வயசிலிருந்து அந்தப் படம் தெரியும், அது எந்த சினிமாவில் வருகிறது என்பது முப்பது தாண்டித்தான் தெரியும். போன மாதம் ஒருவழியாக உட்கார்ந்து பார்த்தேன். பில்லி வைல்டர் இயக்கி 1955இல் வந்த 'தி செவன் இயர் இட்ச்'.

அந்தக் காட்சி எப்போ வரும், எப்போ வரும்னு காத்திருந்தேன். வந்தது, போனது. ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளித் திரும்பவும் பார்த்தேன். நமக்குத் தெரிந்த அந்த முழு உருவம் படத்தில் இல்லவே இல்லை. முதலில் கால்கள் மட்டும், பாவாடை பறக்கிறது. வெட்டினால் இடுப்புக்கு மேலே முகம், பேச்சு. அவ்வளவுதான். உலகம் முழுக்கச் சுவரில் தொங்குகிற அந்தப் படம் விளம்பரத்துக்காக எடுத்த ஸ்டில். கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். ஆனால் அந்த ஏமாற்றத்திலிருந்துதான் இந்தப் படம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது, அதைத்தான் எழுதப்போகிறேன்.

கதை சின்னது. நியூயார்க்கில் கோடை. பெண்டாட்டி பிள்ளைகளை மெயின் மாதிரி குளிர்ந்த ஊருக்கு ரயிலேற்றிவிட்டு ஆண்கள் மட்டும் வேலைக்காக நகரத்தில் தங்கும் காலம். (இதை விளக்க, 500 வருஷத்துக்கு முந்தைய மன்ஹாட்டன் பழங்குடிகளும் இதையேதான் செய்தார்கள் என்று ஒரு முன்கதை வருகிறது. அந்தக் கிண்டல் இன்று பார்க்க சகிக்கவில்லை.) ரிச்சர்ட் ஷெர்மனும் அப்படி மனைவி ஹெலனையும் மகன் ரிக்கியையும் அனுப்பிவிட்டு வருகிறான். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, பத்தியச் சாப்பாடு என்று தீர்மானம். மாடி வீட்டுக்குக் கோடைக்கு மட்டும் ஒரு பெண் குடிவருகிறாள். அவள் பால்கனியிலிருந்து ஒரு தக்காளிச் செடி தொட்டியோடு இவன் உட்கார வேண்டிய நாற்காலியில் வந்து விழுகிறது. தப்பித்தவன் கோபப்பட நிமிர்ந்து பார்க்கிறான், மர்லின் மன்றோ. கீழே வந்து ஒரு டிரிங்க் சாப்பிடுங்களேன் என்கிறான்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'செவன் இயர் இட்ச்' என்பது அமெரிக்கப் பேச்சில் லேசில் போகாத சொறி சிரங்குக்கான பெயர். கல்யாணமான ஏழாவது வருஷத்துச் சபலம் என்ற அர்த்தத்தை அதில் ஏற்றிப் பரப்பியது ஜார்ஜ் ஆக்சல்ராட் எழுதிய மேடை நாடகம். தமிழில் 'அரிப்பு' என்ற சொல்லுக்கு இந்த இரண்டாவது அர்த்தம் ரொம்ப நாளாகவே இருக்கிறது, நமக்கு யாரும் நாடகம் போட்டுச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாடகம் 1952 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கி 1,141 தடவை நடந்தது. மேடையில் ஷெர்மனாக நடித்த டாம் யூவெல்தான் படத்திலும். வைல்டருக்கு வால்டர் மாத்தாவைப் போட ஆசை, டெஸ்ட்கூட எடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

நாடகத்துக்கும் படத்துக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். நாடகத்தில் ஷெர்மனும் அந்தப் பெண்ணும் ஒன்றாகப் படுக்கிறார்கள். அப்புறம்தான் குற்ற உணர்ச்சி, கூத்து எல்லாம். படத்தில் அது கிடையாது. அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிப்படி கள்ள உறவை வைத்துக் காமெடி பண்ணக் கூடாது. ஒரே ஒரு ஷாட், மறுநாள் வேலைக்காரி படுக்கையில் ஒரு கொண்டை ஊசியைக் கண்டெடுக்கிறாள், அது மட்டும் போதும்னு வைல்டர் கேட்டுப் பார்த்திருக்கிறார். அதற்கும் விடவில்லை. கடைசிவரை பேட்டிகளில் இதைச் சொல்லி நொந்துகொண்டார். அந்த உறவு நடக்காவிட்டால் படமே இல்லை என்பது அவர் கட்சி. விமர்சகர்களும் பெரும்பாலும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எடுத்தவரே சொன்னாலும்!

ஷெர்மன் என்ன வேலை பார்க்கிறான் என்று பாருங்கள். 25 சென்ட் பேப்பர்பேக் போடுகிற பதிப்பகத்தில் ஆசிரியர். பழைய நல்ல புத்தகங்களை எடுத்து, கவர்ச்சியாக அட்டை போட்டு, மருந்துக் கடையிலும் ரயிலடியிலும் விற்கிற மாதிரி செய்வது அவன் தொழில். லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாலு அக்கா தங்கைகள் நல்ல பிள்ளைகளாக வளர்கிற கதை. அதற்கு இவர்கள் கொடுக்கிற துணைத் தலைப்பு, பெண்கள் விடுதியின் ரகசியங்கள். ஒரு மனநல மருத்துவர் எழுதிய கனமான புத்தகத்துக்கும் இதே வைத்தியம்தான். உள்ளே ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை, அட்டைதான் வேறு. பஸ் ஸ்டாண்ட் கடையில் மாத நாவல் வாங்கி, அட்டையில் இருந்தவளைக் கடைசிப் பக்கம்வரை தேடியவர்களுக்கு இது புரியும்.

அவன் எழுத்தாளன் இல்லை, சரி. ஆனால் மண்டைக்குள் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்கிறான். மொட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், கதை ஓட ஆரம்பித்துவிடும். ஆபீஸ் செக்ரட்டரி இவனைப் பார்த்துப் பைத்தியமாகிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ் இவன் மேல் வந்து விழுகிறாள். கடற்கரையில் மனைவியின் தோழி, அதுவும் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' படத்தில் வருகிற அந்த அலைக் காட்சியை அப்படியே சுட்டு. இதையெல்லாம் அவன் சொல்வது யாரிடம்? கற்பனையாகவே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட தன் மனைவியிடம். அந்தக் கற்பனை மனைவிகூட நம்பாமல் சிரிக்கிறாள். இப்போதெல்லாம் சினிமாஸ்கோப்பில், ஸ்டீரியோ சவுண்டில் கற்பனை பண்ண ஆரம்பித்துவிட்டீர்கள் என்கிறாள். இதை அவள் சொல்லும் படமே சினிமாஸ்கோப்பில் எடுத்தது. சொந்தக் கனவிலேயே பெண்டாட்டி நக்கல் அடிக்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு இந்த மனுஷன் மேல் பாசம் வந்தது.

ரக்மானினாஃப் காட்சி இன்னும் நல்லா இருக்கும். அவள் வருவதற்கு முன்னாலேயே முழுக் காட்சியையும் மனதில் எடுத்து முடித்துவிடுகிறான். பட்டு கோட்டு போட்டுக்கொண்டு பியானோவில் ரக்மானினாஃப்பின் இரண்டாவது கான்சர்ட்டோவை வாசிக்கிறான், அவள் புலிவரி கவுனில் மாடிப்படியில் சாய்ந்தபடி உருகிப்போகிறாள். நிஜத்தில் அவள் வருகிறாள். இசைத்தட்டைப் போடுகிறான். அவள் யோசித்துவிட்டு, இது கிளாசிக்கல்தானே, பாட்டே வரலையே, அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன் என்கிற மாதிரி சொல்கிறாள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பியானோவில் குழந்தைகள் தட்டுகிற 'சாப்ஸ்டிக்ஸ்' வாசிக்கிறார்கள். இவன் துணிந்து கட்டிப்பிடிக்கப் போக, இரண்டு பேரும் பெஞ்சிலிருந்து தரையில் விழுகிறார்கள். மன்னிப்புக் கேட்டு நடுங்குகிறான். அவளோ, பரவாயில்லை, எனக்கு இது அடிக்கடி நடக்கிறதுதான் என்கிற தோரணையில் இருக்கிறாள்.

அவளுக்கு உண்மையில் வேண்டியது என்ன? ஏசி. நான் விளையாடவில்லை. அவள் வீட்டில் வெறும் மின்விசிறி, இவன் வீட்டில் அறைக்கு அறை ஏசி. வெக்கை தாங்காமல் உள்ளாடைகளை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போட்டுக்கொள்கிறவள் அவள். குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பித் தூங்கப் பார்த்து, குழாய் சொட்டுகிறதே என்று கால் விரலை உள்ளே விட, விரல் மாட்டிக்கொண்டு பிளம்பரைக் கூப்பிட்ட கதையை ரொம்ப சாதாரணமாகச் சொல்கிறாள். நடைபாதையில் சுரங்க ரயில் காற்றுக்கு நின்றதும் அதற்குத்தான். சித்திரை மாசத்து சென்னையில் கரண்ட் போன வீட்டில் இருந்தவர்களுக்கு அவளைப் புரிந்துகொள்ள மனோதத்துவம் எல்லாம் வேண்டாம். அவன் ஆசைக் கதை எழுதுகிறான், அவள் புழுக்கத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள். ஒரே அறையில் இரண்டு பேரும் வேறு வேறு படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணமான ஆள் என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி, ஏனென்றால் அவன் கல்யாணம் பண்ணிக்கோ என்று கேட்க முடியாது. தொலைக்காட்சியில் பற்பசை விளம்பரம் செய்கிறவள். சாரா பெர்னார்டின் நடிப்பைப் பார்த்தவர்களைவிட அதிகம் பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கணக்குச் சொல்வாள். அது முட்டாள்தனம் இல்லை, உண்மையிலேயே சரியான கணக்கு. இத்தனை இருந்தும் படம் அவளுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. பெயர் அட்டையில் வெறும் 'தி கேர்ள்'.

இப்போது தணிக்கை விஷயத்துக்குத் திரும்புகிறேன். நாடகத்தில் அந்த உறவு நடந்துவிடுவதால், ஷெர்மனின் கற்பனைகள் ஒரு உண்மைக்கு முன்னும் பின்னும் வரும் நடுக்கங்கள். படத்தில் எதுவும் நடக்காததால் கற்பனைதான் முழுக் கதை. அவள் அவன் கட்டிலில் தூங்குகிறாள், அவன் சோபாவில் படுக்கிறான். ஆனால் அவன் படுகிற பாடு, கொலை செய்தவன்கூடப் பட மாட்டான். பிளம்பரிடம் அவள் சொல்லியிருப்பாள், பிளம்பர் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். பற்பசை விளம்பரத்தின் நடுவில் அவள் காமிராவைப் பார்த்து, நாட்டு மக்களே, இந்த ஆள் ஒரு அரக்கன் என்று அழுவாள். ஹெலன் துப்பாக்கியோடு வந்து நிற்பாள். இந்தப் பயக் கற்பனைகள் ஆசைக் கற்பனைகளைவிட எவ்வளவோ விறுவிறுப்பாக இருக்கின்றன என்று கவனித்தேன். காதல் கதை எழுதும்போது அவனுக்குச் சொந்தச் சரக்கு இல்லை, பிற சினிமாவிலிருந்து திருடுகிறான். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போதுதான் மனுஷன் கொஞ்சமாவது எழுத்தாளன் ஆகிறான்.

இதில் ஒரு கற்பனை மட்டும் நிஜத்தில் ஒருவனைக் காயப்படுத்துகிறது. ஹெலன் போனில் சொன்ன ஒரு சாதாரணச் செய்தி, அவள் இருக்கும் ஊரில் டாம் மெக்கன்சி என்ற பழைய நண்பனும் இருக்கிறான். போதாதா? வைக்கோல் வண்டியில் இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்து போவதாக இவன் எழுதிவிடுகிறான், நாம் அதைப் பார்க்கிறோம். கடைசியில் டாம் நேரில் வந்து நிற்கும்போது ஒரே குத்து, ஆள் விழுந்துவிடுகிறான். பாவம், டாம் வந்தது ரிக்கி மறந்துவிட்டுப்போன படகுத் துடுப்பை வாங்கிக்கொண்டு போக. படம் முழுக்க ஷெர்மன் செய்கிற ஒரே வன்முறை தான் எழுதிய கதையைத் தானே நம்பியதால் வருகிறது. இது கொண்டை ஊசியைவிட எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கட்டிலுக்குப் போய்விட்டு வந்தவன் பொறாமைப்பட்டால் அது வெறும் குற்ற உணர்ச்சி. எங்கேயும் போகாதவன் பொறாமைப்படுவதுதான் வேடிக்கை.

அதே டாம், சமையலறையில் யார் அந்தப் பொன்னிற முடிக்காரி என்று கேட்கும்போது, மர்லின் மன்றோவாகக்கூட இருக்கலாம் என்று ஷெர்மன் கத்துகிறான். தியேட்டரில் நிச்சயம் விசில் பறந்திருக்கும். எனக்கு இந்தமுறை அது அவ்வளவு சிரிப்பாக இல்லை. ஏனென்றால் அங்கே வெளி உலகம் உள்ளே வந்துவிடுகிறது.

1954 செப்டம்பர் 15, நள்ளிரவு தாண்டி, லெக்சிங்டன் அவென்யூவும் 52ஆவது தெருவும் சேருமிடத்தில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். விஷயம் முன்னாலேயே வெளியே விடப்பட்டிருந்ததால் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் பெரிய கூட்டமும் கூடியிருந்தது. டேக் மேல் டேக், ஒவ்வொன்றுக்கும் கூச்சல். கூட்டத்தில் அவள் கணவர், பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவும் இருந்தார், கோபத்தோடு போனார். அந்த வருஷம் ஜனவரியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது, அக்டோபரில் விவாகரத்துக்கு மனு. அந்தச் சத்தத்தில் எடுத்தது சரிப்படாமல், பின்னால் ஸ்டூடியோவில் தெருவை செட் போட்டுத் திரும்ப எடுத்தார்கள். அப்படியானால் அந்த ராத்திரி எதற்கு? விளம்பரத்துக்கு. பிராட்வேயில் படம் ஓடிய தியேட்டரின் முகப்பில் 50 அடிக்கு மேல் உயரமாக அந்த உருவத்தை வெட்டி நிறுத்தினார்கள். டிராவில்லா தைத்த அந்த வெள்ளை கவுன் 2011இல் ஏலத்துக்கு வந்தபோது 46 லட்சம் டாலர் கேட்டார்கள், கமிஷன் தனி.

'லிட்டில் விமன்' புத்தகத்துக்கு ஷெர்மனின் கம்பெனி என்ன செய்ததோ, அதையே இந்தப் படத்துக்கு இதை எடுத்த கம்பெனி செய்திருக்கிறது. உள்ளே கட்டிலும் சோபாவும் தனித்தனி, வெளியே 50 அடி பாவாடை. வைல்டருக்கும் ஆக்சல்ராடுக்கும் பதிப்பகக் காட்சிகளை எழுதும்போது இந்த முரண் தெரிந்தே இருக்க வேண்டும், அத்தனை கூர்மையான கிண்டல் அது. கிண்டல் பண்ணிவிட்டு அதே வேலையைச் செய்துவிட்டார்கள். அந்த அட்டைக்கு விலை கொடுத்தது அவர்கள் அல்ல என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் காட்சியில் பேச்சைக் கேளுங்கள், யாரும் கேட்பதில்லை. இரண்டு பேரும் 'க்ரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' பார்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். பயங்கரமான நீர்ப் பூதம் பற்றிய படம். அவளுக்கு அந்தப் பூதத்தின் மேல் இரக்கம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது அவ்வளவு கெட்டது இல்லை, கொஞ்சம் அன்பு கிடைத்தால் போதும் என்றிருந்தது, தான் யாருக்கோ வேண்டியவன் என்ற நினைப்பு அதற்குத் தேவைப்பட்டது என்கிறாள். மன்றோ இதைத் துளி நக்கலும் இல்லாமல், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறார். அடுத்த நிமிஷம் காற்று.

இதே குரலில் கடைசியில் ஒரு நீளமான பேச்சு இருக்கிறது. என்னை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டாள், ஹெலனுக்கு என்மேல் பொறாமையே வராது என்று ஷெர்மன் புலம்பும்போது அவள் கொஞ்சம் கோபப்படுகிறாள். பார்ட்டியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவனைப் பார்த்துப் பெண்கள் மயங்குவார்கள் என்று நினைக்கிறாயா, மூலையில் வேர்த்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிறானே, அவனைத்தான் பார்ப்பார்கள், நான் உன் மனைவியாக இருந்தால் ரொம்பப் பொறாமைப்படுவேன் என்கிற சாரம். இதைக் கூச்ச சுபாவ ஆண்களுக்கு ஆறுதல் பரிசு என்று ஒதுக்கலாம், எழுதியவர்கள் இரண்டு பேரும் ஆண்கள். ஆனாலும் மன்றோ பேசும்போது நான் நம்பினேன். படம் முழுக்க ஒருவன் ஒருத்தியைக் கற்பனை செய்கிறான். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் அவனைப் பார்த்து, அவன் எழுதியதில் எங்குமே இல்லாத ஒரு ஷெர்மனைச் சொல்கிறாள்.

குறைகள் உண்டு. யூவெல் தனியாகப் பேசிக்கொண்டே நடக்கும் காட்சிகள் மேடை வாடையோடு இழுக்கின்றன, அகலத் திரையில் ஒரு ஆள் காலி வரவேற்பறையில் புலம்புவதை எவ்வளவு நேரம் பார்ப்பது? ஹெலன் நிஜமாக வருவது ஆரம்பத்தில் ரயில் நிலையத்தில் கொஞ்சம், அப்புறம் போனில் கொஞ்சம், மற்றதெல்லாம் அவன் மண்டையில். அவளுக்கு அந்தக் கோடை எப்படிப் போனது என்று படம் கேட்கவே இல்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1960இல், வைல்டர் அதே கோடைக்குத் திரும்பிப் போனார். 'தி அபார்ட்மென்ட்'. லிஃப்ட் இயக்கும் ஃபிரான் குபெலிக் சீன உணவகத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்வாள்: மனைவியும் குழந்தைகளும் வெளியூர் போவார்கள், முதலாளி செக்ரட்டரியோடோ லிஃப்ட் பெண்ணோடோ கொஞ்ச நாள் இருப்பார், செப்டம்பர் வந்தால் முடிந்தது. அங்கே எல்லாம் நடக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இருக்கிறது, தூக்க மாத்திரையும் விழுங்குகிறாள். பாரிலிருந்து ஒரு அதிகாரி நாயகனுக்குப் போன் போட்டு, மர்லின் மன்றோ மாதிரி ஒருத்தி மாட்டியிருக்கிறாள், உன் வீட்டுச் சாவி வேணும் என்பான். வைல்டர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட குட்டு என்று அதை எடுத்துக்கொள்கிறேன். தணிக்கை விடாத படத்தை அவர் கடைசியில் எடுத்துவிட்டார், அது இதைவிட நிச்சயம் பெரிய படம். ஆனால் அது வேறு ஆளைப் பற்றியது. செய்கிறவர்களைப் பற்றியது. ஷெர்மன் செய்யாதவன்.

அவனால் செய்ய முடியாத காரியங்களில் ஒன்று அந்தத் துடுப்பை பார்சல் கட்டுவது. பையன் மறந்துபோன துடுப்பு, அனுப்பச் சொல்லி ஹெலனிடமிருந்து போன். நீளமான சாமான், காகிதத்தில் அடங்காது, கயிறு நிற்காது. காவியம் காவியமாகக் கற்பனை செய்கிறவனுக்கு ஒரு மரத்துடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட வரவில்லை. கடைசியில் பார்சலாவது ஒன்றாவது என்று துடுப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். வீட்டுக்குள் ஏசி ஓடுகிறது, அவளை இருந்துகொள்ளச் சொல்லிவிட்டான். அவள் கொடுத்த முத்தத்தின் லிப்ஸ்டிக், துடைக்காதே என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஓடுகிற அவசரத்தில் ஷூ போட மறந்துவிட்டான். அவள் ஜன்னலைத் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு ஷூவையும் தெருவுக்கு எறிகிறாள்.